முயலகனும் மூளை வைத்தியரும்

தில்லைக் கூத்தன் காலடியில் மிதிபட்டுக் கிடக்கும் குள்ள உருவத்தை நம்மவருள் அறியாதார் இல்லை. முயலகன் என்பது அவன் பெயர். அப்பெயரையே நம் முன்னோர் ஒரு நோய்க்கும் இட்டனர். திடுமென நினைவு தவறி, கைகால் வெட்டி இழுக்க, வாயில் நுரை தள்ள, மனிதன் தரையில் வீழ்ந்து துடிக்கும் அந்நோயையே இன்று காக்கை வலிப்பு என்கிறோம். கொல்லி மழவன் மகளைப் பற்றிய முயலகனைத் திருஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்தில் பதிகம் பாடித் தீர்த்தார் என்பது பெரியபுராணக் கதை. வடமொழி வைத்திய நூலார் இதனை அபஸ்மாரம் என்றனர். கிரேக்கரோ, தெய்வம் தீண்டியதால் வரும் நோய் என்று அஞ்சி, இதற்குப் புனித நோய் என்றே பெயர் வைத்தனர். அந்தக் கிரேக்க நாட்டில்தான், ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன், ஹிப்போகிராட்டஸ் மரபைச் சேர்ந்த வைத்தியர் ஒருவர், மற்ற நோய்களைவிட இதில் தெய்வத்தன்மை ஏதும் அதிகமில்லை, இதன் பிறப்பிடம் மூளையே என்று துணிந்து எழுதி வைத்தார்.

அவர் எழுதி இத்தனை நூற்றாண்டுகள் கழிந்தும், நம் தோட்டத்து லயங்களில் நிலைமை என்ன? ஒருவன் வலிப்பு வந்து வீழ்ந்தால் முதலில் ஓடுவது சாவிக் கொத்துக்கு. இரும்பைக் கையில் திணித்தால் பேய் விலகுமாம். அடுத்து ஓடுவது பூசாரியிடம். இருபது ஆண்டுக் காலமாகச் சம்பளப் புத்தகமும் செக்ரோலும் எழுதுவதே என் தொழில் என்று சொல்லிக்கொள்ளும் மூத்த கிராணி ஒருவர், ஜொகூரில் தாம் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், பால்மரம் வெட்டும் தம்பதியின் பெண் குழந்தை மூன்று ஆண்டுகள் பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல் வீட்டுக்குள்ளேயே கிடந்ததை என்னிடம் சொல்லி வருந்தினார். குழந்தைக்கு வலிப்பு. அது வெளியே தெரிந்தால் நாளைக்குக் கலியாணம் ஆகாது என்பது தாயின் கவலை. கழிப்புக் கழித்த செலவு மட்டும் தந்தையின் இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்கிற்று. பிறகு ஒரு நாள் அரசாங்க மருத்துவமனையில் கொடுத்த மாத்திரை அந்த வலிப்பை நிறுத்தியது. மாத்திரையின் விலையோ, பூசாரிக்கு வாங்கிய சேவலின் விலைக்குக் காணாது.

இத்தகைய நோய்களைத் தமிழகத்தில் பேயின் கையிலிருந்து பிடுங்கி வைத்தியத்தின் கையில் ஒப்படைத்த வரலாறு மிகப் பழையதன்று. நம் தாத்தாமார் காலத்தில் நடந்தது. அதைப் பற்றி நம் பத்திரிகைகளில் அதிகம் காணாமையால் இங்கே சிறிது விரிவாக எழுதத் துணிகிறேன்.

கோட்டயத்தில் 1910ஆம் ஆண்டு பிறந்த ஜேக்கப் சாண்டி, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பாரசீக வளைகுடாவிலுள்ள பஹ்ரேன் தீவின் மிஷன் மருத்துவமனையில் வேலை பார்த்து, பின்னர் கானடா தேசத்து மான்ட்ரியல் நகரம் சென்று வைல்டர் பென்ஃபீல்டு என்ற பேராசிரியரிடம் மூளை ரணசிகிச்சை கற்றவர். பென்ஃபீல்டின் முறை கேட்போரைத் திகைக்க வைப்பது. நோயாளி விழித்திருக்கையிலேயே மண்டையோட்டைத் திறப்பார். மூளைக்குத் தொடுவலி கிடையாது. தோலை மட்டும் மரக்கச் செய்தால் போதும். மின்சாரக் கம்பியின் நுனியால் மூளையை இங்கும் அங்கும் மெல்லத் தொடுவார். ஓரிடத்தைத் தொட்டால் நோயாளியின் கை அசையும். மற்றோரிடத்தைத் தொட்டால் பேச்சு நிற்கும். வேறோரிடத்தைத் தொட்டால், வலிப்பு வருமுன் அவனுக்கு வழக்கமாகத் தோன்றும் காட்சியோ மணமோ தோன்றும். ‘இங்கேதான் இருக்கிறது’ என்று கண்டுகொண்டு அந்தச் சிறு பகுதியை அகற்றுவார். நம் ஊரில் ஆவி பேசுகிறது என்று நடுங்கிய அதே சங்கதி, அங்கே இன்ன இடத்து நரம்பணுக்களின் மின் கலவரம் என்று விரலால் சுட்டிக் காட்டப்பட்டது. இக்கல்வியுடன் திரும்பிய சாண்டி, 1949ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு ரணசிகிச்சைப் பகுதியைத் தொடங்கினார்.

அடுத்த ஆண்டே சென்னையும் எழுந்தது. சீர்காழியில் 1922ஆம் ஆண்டு பிறந்த பா. ராமமூர்த்தி, எடின்பரோவில் ரணசிகிச்சைப் பட்டம் பெற்று, இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ரௌபோதம் என்பாரிடம் பயின்றார். தலைக்காயங்களைப் பற்றி நூல் எழுதிப் பேர் பெற்றவர் அந்த ரௌபோதம். மான்ட்ரியலுக்கும் சென்று பென்ஃபீல்டின் வேலையைச் சில மாதங்கள் கண்டு திரும்பிய ராமமூர்த்தி, 1950 அக்டோபரில் சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் தம் பணியைத் தொடங்கியபொழுது அவருக்கு வயது 28. அதற்கு அடுத்த ஆண்டில், இவ்விருவரும் நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகிய இருவருடன் கூடிச் சென்னையில் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினர். பாரத தேசம் முழுமைக்கும் ஒரு சங்கம், கூடியவர்களோ நால்வர்!

அக்காலத்தில் மூளைக்குள் என்ன இருக்கிறது என்று அறிய இன்றுள்ள படக் கருவிகள் எவையும் இல்லை. குறுக்கு வெட்டாகப் படம் பிடிக்கும் ஸ்கேன் கருவியால் ஒரு நோயாளியின் தலையை முதன்முதல் படம் எடுத்தது 1971 அக்டோபரில், லண்டனில். அதற்கு முன்னெல்லாம் மண்டையில் துளையிட்டு, மூளையின் உள்ளறைகளில் தேங்கிய நீரை எடுத்து, அவ்விடத்தில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே பிடிப்பார்கள். காற்றின் நிழல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் மறுபக்கத்தில் கட்டி இருப்பதாக ஊகிப்பார்கள். இருட்டறையில் எருமையைத் தேடுவது போன்ற வேலைதான். தேடுகிறவன் கை நடுங்கினால் எருமைக்கு அல்ல, வீட்டுக்காரனுக்கு உயிர் போகும்.

இப்படித் தேடியபொழுது அவர்கள் கண்டவை மேல்நாட்டுப் புத்தகத்தில் படித்தவற்றிலிருந்து வேறுபட்டன. இங்கிலாந்தில் அபூர்வமாகிவிட்ட காசநோய்க் கட்டிகள், சென்னையிலும் வேலூரிலும் திறந்த மண்டைகளில் கணிசமாகக் கிடந்தன. நெருக்கமான குடியிருப்பும் அரைவயிறு உணவும் நுரையீரலில் வளர்த்த கிருமி, இரத்தத்தோடு ஏறி மூளையில் குடி புகுந்திருந்தது. வறுமைக்கு மண்டையோடு தடையில்லை போலும்! பின்னாளில் ஸ்கேன் வந்த பிறகு, வலிப்பு கண்ட இந்தியரின் மூளையில் பட்டாணி அளவில் ஒரு புள்ளி அடிக்கடி தென்பட்டது. அதையும் காசநோய்க் கட்டி என்றே பலர் நினைத்து மாதக்கணக்கில் மருந்து கொடுத்தனர். வேலூர் நிபுணர்கள் அவற்றைச் சோதித்து 1989ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு வேறு: அவற்றிற் பல, நாடாப்புழுவின் குஞ்சு மூளையில் தங்கி மடிந்துகொண்டிருக்கும் தடங்கள், பெரும்பாலும் தாமே மறைந்துபோகிறவை.

இவ்விஷயத்தை வாசகர்கள் சற்றுக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். நன்கு வேகாத பன்றி இறைச்சியைத் தின்றவன் குடலில் நாடாப்புழு வளரும். அவன் மலத்தில் புழுவின் முட்டைகள் வெளியேறும். அவன் வெட்டவெளியில் மலம் கழித்தாலும், கை கழுவாமல் பிறருக்குச் சோறு பரிமாறினாலும், அந்த முட்டை கீரையோடும் தண்ணீரோடும் மற்றொருவன் வாய்க்குள் போகும். அங்கிருந்து இரத்தத்தில் ஏறி மூளையில் தங்கி வலிப்பை உண்டாக்கும். ஆகவே பன்றியைக் கண்ணாலும் காணாத சுத்த சைவருக்கும் இந்நோய் வரும். இந்நோய் பரவியுள்ள நாடுகளில், வலிப்பு கண்டோரில் நூற்றுக்கு முப்பது பேர்வரை இதனால் பாதிக்கப்பட்டோர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. நாம் பேயென்று கும்பிட்டது பல வீடுகளில் ஒரு புழுவின் முட்டை. வேப்பிலையைவிடச் சோப்புக் கட்டிக்கும் கக்கூசுக்கும் அஞ்சுகிற முட்டை.

எல்லா வலிப்புக்கும் புழுவே காரணமென்று கொள்ளலாகாது. பிரசவத்தில் மூச்சுத் திணறிய குழந்தை, தலையில் அடிபட்டவர், மூளைக் காய்ச்சல் கண்டவர், காரணமே புலப்படாதவர் என்று பல திறத்தார் உண்டு. ஆயினும், பினோபார்பிட்டோன் என்ற மருந்தின் குணம் 1912இலும், பினிட்டோயின் என்ற மருந்தின் குணம் 1938இலும் கண்டறியப்பட்டுவிட்டன. தக்க மருந்தை விடாமல் உண்டால் பத்துப் பேரில் ஏழு பேர்வரை வலிப்பே இன்றி வாழலாம். இவ்வளவும் தெரிந்த பின்னரும் இந்தியச் சட்டம் விழிக்கவில்லை. 1955ஆம் ஆண்டு இந்து விவாகச் சட்டத்தில் 1976ஆம் ஆண்டில் செய்த திருத்தம், பைத்தியத்தோடு வலிப்பையும் சேர்த்து மணத்துக்குத் தடையாக வைத்தது. அந்தச் சொல்லை அடிக்க 1999ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. லயத்துத் தாய் மகளை ஒளித்து வைத்தாள் என்று குற்றம் கூறுவோர் இதையும் நினைக்க வேண்டும். அவளைவிடப் படித்தவர்கள் கூடிய பார்லிமெண்டே இருபத்து மூன்று ஆண்டுகள் அதைத்தான் செய்தது.

விஞ்ஞானிகளைப் போற்றுகிறவன் அவர்களைத் தெய்வமாக்கிவிடக் கூடாது. ராமமூர்த்தியும் அவர் தோழர் பாலசுப்பிரமணியனும் மற்றவர்களும் சென்னையில் 1960களிலும் 70களிலும், அடங்காத மூர்க்கமும் அமைதியின்மையும் உடைய நோயாளிகளுக்கு, மூளையின் ஆழத்தில் குறித்த ஓரிடத்தைச் சிதைத்து அமைதிப்படுத்தும் ரணசிகிச்சைகளைச் செய்தனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். குடும்பத்தார் படும் துயரத்தைக் கண்டு இரங்கியே செய்தனர் என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும், தன் சம்மதத்தைச் சொல்ல இயலாதவனின் குணத்தைக் கத்தியால் மாற்றலாமா என்ற கேள்வி உலகெங்கும் எழுந்தது. நாளடைவில் அவ்வித ரணசிகிச்சை பெரும்பாலும் கைவிடப்பட்டது. கைவிட்டது நன்றே என்பது என் கருத்து.

அக்குழுவில் ஒரு பெண்மணியும் இருந்தார். சென்னையில் 1932ஆம் ஆண்டு பிறந்த டி. எஸ். கனகா, 1962ஆம் ஆண்டுச் சீன யுத்தத்தின்போது இராணுவ மருத்துவப் பணி ஆற்றி, 1968ஆம் ஆண்டில் நரம்பு ரணசிகிச்சையில் உயர்பட்டம் பெற்றார். ஆசியாக் கண்டத்தில் இத்துறையில் அடியெடுத்து வைத்த முதல் பெண்மணிகளுள் ஒருவர். மூளையில் மின்முனை பதித்து நோய் தணிக்கும் வேலையில் இந்தியாவில் முன் நின்றவரும் அவரே. நூறு தடவைக்கு மேல் தம் இரத்தத்தைப் பிறருக்குத் தானம் செய்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். பெண்ணுக்குக் கத்தி பிடிக்க நெஞ்சுரம் இல்லை என்று பேசுவோர், மாலையில் வீட்டில் மீன் அறுப்பது யார் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

இனி, நாம் வாழும் இத்தீபகற்பத்திற்கு வருவோம். மூளையும் நரம்பும் அன்றாட வாழ்வோடு எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை உலகுக்குக் காட்டிய ஒரு பெரிய சோதனை, சென்னைக்கு அரை நூற்றாண்டு முன்பே கோலாலம்பூரில் நடந்தது. அதில் தோட்டத் தமிழனுக்கும் பங்குண்டு. பெரி பெரி என்ற நோய் அக்காலத்து மலாயாவில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றுகொண்டிருந்தது. கால் மரத்து, நடை தளர்ந்து, நரம்பு செத்து, இதயம் நின்றுபோகும். பிராடன் என்ற வெள்ளைக்கார டாக்டர் நெகிரி செம்பிலானில் இதைக் கூர்ந்து நோக்கினார். சுரங்கத்துச் சீனர் சாகிறார்கள். தோட்டத்துத் தமிழருக்கோ இது வருவதில்லை. இத்தனைக்கும் தமிழன் கூலியில் உயர்ந்தவனல்லன், குடியிருப்பில் சுத்தமானவனுமல்லன். வித்தியாசம் சோற்றில் இருந்தது. சீனர் உண்டது சயாம் தேசத்து வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி.

இதைச் சோதிக்க ஃபிளெச்சர் என்ற மற்றொரு டாக்டர், 1905ஆம் ஆண்டின் இறுதியில், கோலாலம்பூர்ப் பைத்தியக்கார விடுதியில் இருந்தவர்களை இரு பாதியாக்கி, ஒரு பாதிக்குப் பச்சரிசியும் மறு பாதிக்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். கட்டடத்தின் குற்றமோ என்று ஐயுற்று, நடுவில் இரு சாராரையும் இடம் மாற்றியும் பார்த்தார். பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் இந்நோயால் மாண்டனர். புழுங்கலரிசி உண்டவர்களில் ஒருவரும் மாளவில்லை. வாயற்ற பைத்தியக்காரரைக் கொண்டு இப்படிச் சோதித்தது இன்றைய அறநெறிக்கு அடுக்காது. ஆனால் உண்மை வெளிவந்தது. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்து உள்ளரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. தயமின் என்ற அந்த உயிர்ச்சத்தை 1926ஆம் ஆண்டில் ஜாவாவின் பத்தேவியா நகரில் பிரித்தெடுத்தனர்.

நம் பாட்டிமார் நெல் அவித்த பானை நம் நரம்பைக் காத்தது. அந்தக் காவலை உடைத்தது எது தெரியுமா? சம்சு! அளவு மீறிக் குடிப்பவன் சோற்றை மறக்கிறான். உண்ட சோற்றின் தயமினையும் உடல் சரியாக ஏற்காமல் சாராயம் தடுக்கிறது. அதனால் கண் நிலை குலைந்து, நடை தள்ளாடி, நினைவு அழிந்து போகும் மூளை நோயை ஜெர்மானிய டாக்டர் வெர்னிக்கே 1881ஆம் ஆண்டிலேயே விவரித்திருக்கிறார். ‘குடித்துக் குடித்துப் புத்தி பேதலித்துவிட்டான்’ என்று நாம் கூறுவது வெறும் வசையன்று, சரியான நோய்க்குறிப்பு. காலத்தில் தயமின் ஊசி போட்டால் பலரை மீட்கவும் முடியும்.

நம் நாட்டில் மூளை ரணசிகிச்சைத் துறை 1963ஆம் ஆண்டு கோலாலம்பூர்ப் பொது மருத்துவமனையில் தொடங்கியது. அதை வளர்த்தவர் டாக்டர் ஆறுமுகசாமி என்ற தமிழர் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நலம். அத்துறைக்கு ஓயாது ஆள் அனுப்புவது எது? பேயுமன்று, புழுவுமன்று, மோட்டார் சைக்கிள்.

இதற்கும் ஒரு வரலாறு உண்டு. அராபிய நாட்டுப் போர்களில் புகழ் பெற்ற லாரன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1935 மே மாதத்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டு, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவரைப் பார்க்க அழைக்கப்பட்டவர்களுள் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை ரணசிகிச்சை நிபுணரும் ஒருவர். அந்த மரணம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. யுத்த காலத்தில் தபால் கொண்டு ஓடும் சிப்பாய்களின் மரணங்களைக் கணக்கெடுத்து, தலைக்கவசம் அணிந்தவர் பிழைக்கின்றனர் என்று 1941ஆம் ஆண்டில் எழுதினார். அவ்வாண்டு நவம்பரில் பிரிட்டிஷ் இராணுவம் அதைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு இங்கிலாந்து அதைக் கட்டாயமாக்கியது 1973இல். மலேசியா கட்டாயமாக்கியதும் அதே 1973இல்தான். சட்டத்தில் நாம் அவர்களுக்குப் பிந்தவில்லை. பழக்கத்தில்? குளுவாங்கிலிருந்து சிகாமட்வரை ஏதேனுமொரு தோட்டச் சாலையில் மாலை ஐந்து மணிக்கு நின்று பாருங்கள். கவசம் கைப்பிடியில் தொங்கும். தலையில் இருந்தால் வார் தாடையின் கீழே மாட்டப்படாமல் காற்றில் ஆடும். பெட்ரோல் தொட்டியின் மேல் அமர்ந்துள்ள குழந்தைக்கு அதுவும் இல்லை. ‘தோட்டத்துக்குள்தானே, போலீஸ்காரன் இல்லை’ என்பது நம்மவர் வாதம். வார் மாட்டிய கவசம் பத்துத் தலைக்காயங்களில் ஏறத்தாழ ஏழைத் தடுக்கும் என்று ஆராய்ச்சிகள் கூறுகின்றன. மூளை, கட்டித் தயிரைப் போல மென்மையானது. செம்மண் சாலையாயினும் தார்ச் சாலையாயினும் அதற்கு ஒன்றே.

தலையைப் பற்றிப் பேசினோம். அதன் வால் போன்ற முதுகுத்தண்டு மிச்சம். சுண்டு விரல் பருமனே உள்ள இந்த நரம்புக் கயிறு, 33 எலும்புகளைக் கோத்த தூணுக்குள் இறங்குகிறது. எலும்புக்கு எலும்பு நடுவே மெத்தை போன்ற வில்லைகள் உண்டு. வில்லை பிதுங்கி நரம்பை அழுத்துவதே இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் வலிக்குக் காரணம் என்று மிக்ஸ்டர், பார் என்ற இரு அமெரிக்கர் நிறுவியது 1934இல். அதே காலத்தில் நம் பாட்டனார் காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளி தொங்க மேடு பள்ளம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். இன்று செம்பனைக் குலையைக் குனிந்து தூக்கி வண்டியில் எறிகிறவனுக்கும் அதே இடுப்புதான். முழங்காலை மடக்கி, சுமையை மார்போடு அணைத்துத் தூக்கினால் வில்லைக்குப் பாரம் குறையும். இடுப்பை முறுக்கிக்கொண்டு எறிந்தால் கூடும். சாதாரண இடுப்பு வலி சில வாரங்களில் கத்தியில்லாமலே தணிவது வழக்கம். நெடுநாள் படுக்கையில் கிடப்பது நன்மையைவிடத் தீமையே செய்யும். கால் பலம் குன்றினாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ மட்டும், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எண்ணெய் தடவி நாள் கடத்தலாகாது.

வலியைவிடக் கொடியது முறிவு. ஒரு தோட்டத்தில் லாரியின் மேல் ஏற்றிய குலைகளின்மீது உட்கார்ந்து வந்தவர் வளைவில் வீழ்ந்தார். நால்வர் ஓடிவந்து, அன்பினாலேயே, ஆளுக்கொரு கையும் காலுமாகப் பிடித்துத் தூக்கினர். நடு உடம்பு தொய்ந்து வளைந்தது. முறிந்த எலும்பு நரம்புக் கயிற்றை அறுக்க அந்த ஒரு வளைவு போதுமானது. வீழ்ந்தவரை அப்படியே கிடக்கவிட்டு, தலையும் கழுத்தும் அசையாதபடி ஒருவர் இரு கையாலும் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் 999க்குப் பேச வேண்டும். தூக்கியே ஆக வேண்டுமாயின், கதவுப் பலகையில் உடம்பு முழுவதும் ஒரே கட்டையாக இருக்கும்படி உருட்டி ஏற்ற வேண்டும்.

முறிந்த பிறகு வாழ்வு உண்டா? வேலூரில் மேரி வர்கீஸ் என்ற இளம் பெண் டாக்டர் 1954 ஜனவரியில் மோட்டார் விபத்தில் முதுகெலும்பு முறிந்து இடுப்பின் கீழ் உணர்விழந்தார். அக்காலத்தில் இத்தகையோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர் விஷத்தாலும் சில ஆண்டுகளில் மாள்வதே வழக்கம். தொழுநோயாளரின் முடங்கிய கைகளை ரணசிகிச்சையால் நிமிர்த்தி வந்த பால் பிராண்டு அவரை விடவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கைகளுக்கு ரணசிகிச்சை செய்ய மேரி கற்றார். பின்னர் நியூயார்க் சென்று, உடல் முடங்கியோரை மீண்டும் வாழப் பழக்கும் வைத்தியம் பயின்று, 1963இல் வேலூரில் அதற்கெனத் தனிப் பகுதியின் தலைமையை ஏற்றார். 1966இல் அதற்கென ஒரு நிலையமும் எழுந்தது. புதிய நோயாளி ‘இனி எனக்கு என்ன இருக்கிறது?’ என்று அழுதால், அவர் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அவர் ஏறி வந்த நாற்காலி எதிரே நின்றது. 1986ஆம் ஆண்டில் மேரி வர்கீஸ் காலமானார். நிலையம் அவர் பெயரால் இன்றும் நடந்து வருகிறது. அங்கே நாற்காலியைத் தள்ளப் பழகுவோருள், சாலையில் அடிபட்டவரோடு, நம்மைப் போலவே மரத்தை நம்பிப் பிழைத்து மரத்திலிருந்து வீழ்ந்தவர்களும் உண்டு.